உப்புக்கு யார் பொறுப்பு?

உணவு விடுதியில் ஏமாந்த கதையை இலக்கிய அன்பர்கள் கூடும் இடத்தில் சொல்வதற்குச் சிறிது துணிவு வேண்டும். சோறு சரியில்லை என்று குறை சொல்வது நம் குடும்பங்களில் நெடுங்காலமாக ஆண்களுக்கு மட்டுமே வாய்த்த சலுகை. அதை எழுத்திலும் நீட்டிக்க வேண்டுமா என்ற தயக்கம் எங்களுக்கு உண்டு. காசு கொடுத்து வாங்கிய பண்டத்தைப் பற்றிய வழக்கு என்றால் அதற்கு நுகர்வோர் மன்றம் இருக்கிறது. ஆயினும், சென்ற புத்தகக் காட்சியின்போது சென்னையில் நாங்கள் உண்ட ஒரு மதிய உணவு, பல வாரங்கள் கடந்தும் எங்கள் துறையின் தேநீர்ப் பேச்சை விட்டு அகல மறுக்கிறது. அந்த உணவில் இல்லாமற் போனது உப்பு. அதைத் தேடிக்கொண்டு போனபோது அது எங்களை இத்தாலிக்கும் அழைத்துச் சென்றது. எங்கள் ஊரான திண்டிவனம் வட்டாரத்துக்கும் திருப்பிக் கொண்டுவந்து விட்டது.

நாங்கள் என்பது ஒரே கல்லூரியின் தமிழ்த்துறையில் பணியாற்றும் நால்வர். எழுதும் கை ஒன்றுதான் எனினும் அன்றைய பசி நால்வருக்கும் பொது. அதன்பின் நடந்த விவாதமும் பொது. ஆகவே 'நாங்கள்' என்றே எழுதுவது முறை.

*

எங்களை அழைத்தவர் எங்கள் பழைய மாணவர். இளங்கலையும் முதுகலையும் எங்களிடம் பயின்றவர். நாற்று நடவுக்கும் களையெடுப்புக்கும் போகும் தாயின் ஒரே மகன். அவர் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். முதுகலை முடித்துச் சென்னைக்குப் போய், பகலில் தேர்வாணையத் தேர்வுக்குப் படித்துக்கொண்டு, மாலையிலும் இரவிலும் இருசக்கர வண்டியில் உணவுப் பொட்டலம் கொண்டுசேர்க்கும் வேலை பார்த்தார். இரண்டாண்டுக்குப் பிறகு மென்பொருள் நிறுவனம் ஒன்றில் தமிழ் மொழிபெயர்ப்புகளைச் சரிபார்க்கும் பணி கிடைத்தது. தமிழ் படித்தால் சோறு கிடைக்குமா என்று கேட்டவர்களுக்கு விடையாக எங்கள் துறை அவரைத்தான் காட்டும்.

"புத்தகக் காட்சிக்கு வந்தீங்கன்னா ஒரு வேளை எங்கூட சாப்பிடணும் ஐயா, அம்மாவையும் கூட்டிக்கிட்டு வாங்க" என்று தொலைபேசியில் சொல்லியிருந்தார். எங்களில் மூத்தவர், பக்கத்தில் ஏதாவது மெஸ்ஸில் இலைச் சாப்பாடு போதுமே தம்பி என்றார். மாணவர் இசையவில்லை. பெரிய வணிக வளாகம் ஒன்றில் இருக்கும் இத்தாலிய உணவகத்துக்குத்தான் போக வேண்டும் என்றார். பல நகரங்களில் கிளை பரப்பிய தொடர் அது. ஏன் அந்தக் கடை என்பதை நகரும் படிக்கட்டில் ஏறும்போது சொன்னார்.

"இந்தக் கடைக்கு முந்நூறு நடையாவது வந்திருப்பேன்யா. பின்பக்கம் ஒரு சன்னல் இருக்கும். பொட்டலத்த வாங்கிட்டு அப்படியே எறங்கிடுவோம். உள்ள ஒக்காந்து ஒருநாள்கூட சாப்ட்டதில்ல. மொதல்ல ஒக்காந்தா உங்களோடதான் ஒக்காரணும்னு இருந்தேன்."

இதைக் கேட்ட பிறகு மெஸ்ஸைப் பற்றி யாரும் பேசவில்லை.

கடை பார்வைக்கு அழகாகவே இருந்தது. செங்கல் சுவர் போல் தோன்றும்படி ஒட்டிய தாள். வெனிசு நகரத்துப் படகின் பெரிய நிழற்படம். கூரையிலிருந்து தொங்கும் பூண்டுச் சரங்கள். அவை நெகிழிப் பூண்டு என்பதை எங்கள் அம்மையார் ஒருவர் எட்டித் தொட்டு உறுதி செய்தார். வெளிப்பக்கம் முழுவதும் கண்ணாடி. வளாகத்தில் நடப்பவர்கள் எங்கள் தட்டைப் பார்க்கலாம். நாங்கள் அவர்கள் கையிலுள்ள பைகளைப் பார்க்கலாம். புத்தகப் பைகளை மேசைக்கடியில் தள்ளிவிட்டு நாங்கள் அமர்ந்தபோது மணி ஒன்று பத்து.

உணவுப் பட்டியலை மாணவரே எங்களுக்கு விளக்கினார். பெயர்களெல்லாம் அவருக்குப் பொட்டலத்தின் மேல் ஒட்டிய சீட்டுகளால் மனப்பாடம். எந்தப் பொட்டலம் கனக்கும், எது வளைவில் சாய்ந்தால் ஒழுகும், எதைப் பத்து நிமிடத்துக்குள் சேர்க்காவிட்டால் வாடிக்கையாளர் சண்டைக்கு வருவார் என்பதெல்லாம் தெரியும். சுவை மட்டும் தெரியாது. மினெஸ்த்ரோனே என்னும் காய்கறிச் சூப், பூண்டு ரொட்டி, பென்னே அராபியாத்தா, காளான் ரிசோத்தோ, மார்கரித்தா பீட்சா என்று பார்த்துப் பார்த்துச் சொன்னார்.

அரைமணி கழித்துச் சூப் வந்தது. சூடு வரும் வழியிலேயே இறங்கியிருந்தது. பூண்டு ரொட்டியின் ஓரம் கடினமாகவும் நடு ஈரமாகவும் இருந்தது. பாஸ்தா, பல்லுக்குச் சற்று எதிர்ப்புக் காட்ட வேண்டிய இடத்தில் குழைந்து போனது. சிவந்த குழம்பில் தக்காளியின் புளிப்பை முந்திக்கொண்டு ஓர் இனிப்பு வந்தது. அராபியாத்தா என்ற சொல்லுக்குச் 'சினமுற்ற' என்பது பொருளாம். மிளகாயின் காரத்தால் வந்த பெயர். எங்கள் தட்டில் இருந்தது யாரையும் சினக்கத் தெரியாத பாஸ்தா. ரிசோத்தோ தட்டில் தளர்ந்து பரவ வேண்டியது; ஆறிய பொங்கலைப் போல் கரண்டியோடு கட்டியாக எழுந்து வந்தது. பீட்சாவைக் காணவில்லை. இவை எல்லாவற்றுக்கும் பொதுவான குணம் ஒன்று இருந்தது. எதிலும் உப்பு இல்லை. குறைவு என்று சொல்வதற்கில்லை, இல்லை.

"நல்லாருக்கு தம்பி" என்று நால்வரும் ஒருவர் பின் ஒருவராகச் சொன்னோம். மாணவர் கடைசியாகத்தான் வாயில் வைத்தார். ஐந்தாண்டுகள் அவருடைய விடைத்தாள்களில் படிக்காமல் எழுதிய பத்திகளை நாங்கள் கண்டுபிடித்தது போலவே, எங்கள் நான்கு 'நல்லாருக்கு'களையும் அவர் அந்தக் கணமே கண்டுபிடித்துவிட்டார் என்பது முகத்தில் தெரிந்தது.

பரிமாறும் இளைஞரை அழைத்தார். இளைஞர் பணிவாக வந்தார். உப்புப் பொதிந்த சிறு காகித உறைகளை ஒரு கைப்பிடி கொண்டுவந்து வைத்தார். "மாஸ்டர்கிட்ட சொல்லி வேற போட்டுத் தர முடியுமா?" என்று மாணவர் கேட்டார். "சாரி சார், எல்லா பிராஞ்ச்லயும் இதே டேஸ்ட்தான் சார்" என்பது விடை. பயிற்சியில் கற்றுக்கொடுத்த வாக்கியம் என்பது அதன் வழுவழுப்பிலேயே விளங்கியது. திரும்பிப் போனவர் இரண்டடியில் நின்றார். "அண்ணே, நீங்க முன்னாடி டெலிவரிக்கு வருவீங்கல்ல?" என்றார். ஆமாம் என்றதும் குரலைத் தாழ்த்தினார். "சாஸ் எல்லாம் பாக்கெட்ல வருதுண்ணே. உள்ள சூடு பண்றதோட சரி. உப்பு போடற வேல எங்களுக்குக் கெடையாது."

அன்று அந்தக் கடையில் நாங்கள் கேட்ட உண்மையான வாக்கியம் அது ஒன்றுதான்.

அதன்பின் மாணவர் செய்ததை அந்த மாதிரி இடங்களில் யாரும் செய்வதில்லை. நாற்காலியைப் பின்தள்ளி எழுந்தார். உறைகளைக் கிழித்து உப்பைத் தூவினார். பாஸ்தாவைக் கிளறி, ஒவ்வொருவர் தட்டிலும் தன் கையால் எடுத்து வைத்தார். "அம்மா, உங்களுக்குக் காரம் ஆகாதுல்ல, இந்தப் பக்கம் எடுத்துக்குங்க" என்றார். தாமதமாக வந்து சேர்ந்த பீட்சாவையும் அவரே பகிர்ந்தார். நாங்கள் உண்டு முடிக்கும் வரை அவர் உட்காரவில்லை. கண்ணாடிக்கு வெளியே போனவர்களில் சிலர், இவர் கடையின் பணியாளரோ என்று பார்த்துக்கொண்டே போனார்கள்.

*

இது உண்மையான இத்தாலிய உணவில்லை என்பதா எங்கள் குறை? இல்லை. எங்களில் எவரும் இத்தாலியைக் கண்டவரல்லர். அசலைக் காணாதவர்கள் நகலைப் பழிப்பதில் பொருளில்லை. அசல் என்ற சொல்லே அடுப்படியில் அதிக நேரம் நிற்காது. தக்காளியும் மிளகாயும் அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வந்தவை. கொலம்பசின் பயணத்துக்கு முன் இத்தாலியருக்குத் தக்காளிக் குழம்பு இல்லை. நமக்கு மிளகாய் வற்றல் இல்லை. மிளகின் பெயரோடு காயைச் சேர்த்து நாம் புதுவரவுக்குப் பெயர் வைத்தோம். கடல் கடந்து வந்த பண்டங்களை ஏற்று, தங்கள் நாக்குக்குத் தக்கபடி பழக்கியதில் இத்தாலியரும் தமிழரும் ஒரே பள்ளியின் மாணவர்கள்.

அப்படியானால் விதிப்படி சமைத்ததுதான் குற்றமா? அதுவும் இல்லை. விதியை எழுதி வைப்பது பழைய வழக்கம். இத்தாலி ஒரே நாடாக அறிவிக்கப்பட்டது 1861இல். அதற்கு முப்பதாண்டு கழித்து, 1891இல், பெல்லெக்ரினோ அர்த்தூசி என்ற வணிகர் பல வட்டாரங்களின் சமையல் முறைகளைத் திரட்டி ஒரு நூலாக்கினார். பதிப்பாளர் கிடைக்காமல் சொந்தச் செலவில் அச்சிட்டார். முதற்பதிப்பில் 475 முறைகள். வீடுகளிலிருந்து வாசகர்கள் கடிதத்தில் எழுதியனுப்பியவையும் சேர, இறுதிப் பதிப்பில் அது 790 ஆயிற்று. அரசியலால் ஒன்றான நாட்டைச் சமையற்கட்டில் ஒன்றாக்கியதில் அந்நூலுக்குப் பங்குண்டு என்பார்கள். எங்களைக் கவர்ந்த செய்தி வேறு. அந்த முறைகளை அவர் வீட்டு அடுப்பில் சமைத்துப் பார்த்தவர்கள் மரியெத்தா என்ற பெண்ணும் பிரான்செஸ்கோ என்ற ஆணும். 1911இல் இறந்த அர்த்தூசி, நூலின் உரிமையைத் தம் உயிலில் அவ்விருவருக்கும் எழுதி வைத்தார். எழுதியவர், சமைத்தவரை மறக்கவில்லை.

உப்பைப் பற்றியும் இத்தாலிய அடுப்படியில் ஒரு விதி உண்டு. நூறு கிராம் பாஸ்தாவுக்கு ஒரு லிட்டர் நீர், பத்துக் கிராம் உப்பு. நீர் கொதிக்கும்போதே உப்பு இருக்க வேண்டும். அப்போதுதான் வேகும் மாவுக்குள் அது போய்ச் சேரும். வெந்தபின் மேலே தூவும் உப்பு மேலேயே நின்றுவிடும். எங்கள் மேசையில் கிழிந்த உறைகள் அத்தனையும் ஏன் பயன்படவில்லை என்பது பிறகுதான் எங்களுக்கு விளங்கியது.

இந்தத் தேடலில் வேறொரு செய்தியும் கிடைத்தது. 2014 செப்டம்பரில் அமெரிக்காவில் ஒரு முதலீட்டு நிறுவனம், அந்நாட்டின் மிகப்பெரிய இத்தாலிய உணவகத் தொடரை நடத்தும் குழுமத்தின் நிர்வாகத்தைக் குறைகூறி ஏறத்தாழ முந்நூறு பக்க ஆவணம் ஒன்றை வெளியிட்டது. அதன் குற்றச்சாட்டுகளுள் ஒன்று: அந்தத் தொடரில் பாஸ்தா வேகவைக்கும் நீரில் உப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள், உப்பிடாவிட்டால் பாத்திரங்களுக்குக் கூடுதல் காலம் உத்தரவாதம் கிடைக்கும் என்பதே காரணம். சட்டியின் ஆயுளுக்காகச் சோற்றின் உயிரை எடுத்த கதை. முடிவெடுத்தவர் எந்த அடுப்பருகிலும் இருந்திருக்க மாட்டார். அடுப்பருகில் இருந்தவருக்கு முடிவெடுக்கும் உரிமை இல்லை. எங்களுக்குப் பரிமாறிய இளைஞர் தாழ்ந்த குரலில் சொன்னதும் அதே நிலைதான்.

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பது நம் பாட்டிகளின் தீர்ப்பு. காமத்துப்பாலில் புலவியின் அளவைச் சொல்ல வள்ளுவருக்குக் கிடைத்த உவமையும் உணவில் அமையும் உப்புத்தான். இருவரும் பேசுவது அளவைப் பற்றி. அளவு என்பது ஒருவர் நாவில் வைத்துப் பார்த்துத் தீர்மானிப்பது. சமையலில் மற்றதையெல்லாம் தொலைவிலிருந்து அனுப்பிவிடலாம். அந்த ஒரு கணத்துக்கு மட்டும் அடுப்பருகில் ஓர் ஆள் நிற்க வேண்டியிருக்கிறது. அந்த ஆளை நீக்கிவிட்டால் உப்பும் அவரோடு வெளியேறிவிடுகிறது.

*

இவ்விடத்தில் எங்களுக்குள் ஒரு விவாதம் எழுந்தது. அதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

எங்களில் இளையவர் கேட்டார்: "கைமணம் கைமணம் என்கிறோமே, அது யாருடைய கை என்று கேட்டுத்தானே இந்த நாட்டில் பல காலம் சோறு போட்டார்கள்?" நியாயமான கேள்வி. உணவு விடுதிப் பெயர்ப் பலகைகளில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை எதிர்த்துப் பெரியார் 1957இல் சென்னையில் போராட்டம் நடத்த வேண்டியிருந்தது. யார் சமைக்கலாம், யார் எங்கே உட்காரலாம் என்ற கணக்கு நம் ஊர்ப்புறத்துத் தேநீர்க் கடை வரை நீண்டிருந்தது. அந்தக் கணக்கை அறியாத கடையாகத்தான் இந்தத் தொடர் உணவகம் எங்கள் மாணவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். அங்கே யாரும் ஊர் கேட்பதில்லை, தெரு கேட்பதில்லை. காசிருந்தால் நாற்காலி உண்டு. பின்பக்கச் சன்னலிலிருந்து முன்பக்க மேசைக்கு வர அவருக்கு இரண்டாண்டு ஆயிற்று, ஆனால் வந்துவிட்டார். முகம் தெரியாத கடை தந்த சுதந்திரம் அது. பழைய அடுப்படியைப் புகழும்போது அதைச் சிறிதாக எண்ணிவிடலாகாது.

ஆகவே எங்கள் கேள்வி சற்றே மாறியது. யாருடைய கை என்று கேட்காத கடை நமக்கு வேண்டும். அதற்காக ஒரு கையும் இல்லாத கடையை ஏற்க வேண்டுமா?

*

இதற்கு விடை தேட நாங்கள் வெகுதூரம் போக வேண்டியிருக்கவில்லை. நாங்கள் வகுப்பில் நடத்தும் நூலே எங்கள் ஊர்க்கதை. பத்துப்பாட்டில் மூன்றாவதாக நிற்கும் சிறுபாணாற்றுப்படையின் தலைவன் நல்லியக்கோடன், ஓய்மான் நாட்டை ஆண்டவன். அவனுடைய கிடங்கில், இன்றைய திண்டிவனத்தைச் சேர்ந்த கிடங்கல். நத்தத்தனார் பாடிய 269 அடிகளில் பாதி வழியெல்லாம் சோறு மணக்கும். கடற்கரைப் பட்டினத்தில் நுளையர் தருவது சுட்ட மீன். வேலூரில் எயினர் குடியில் கிடைப்பது புளிச்சோறும் இறைச்சியும். ஆமூர் உழவர் வீட்டில் வெண்சோறும் நண்டும். நிலம் மாறினால் உணவு மாறும். எல்லாக் கிளையிலும் இதே சுவை என்று பாணனிடம் யாராவது சொல்லியிருந்தால் அவன் பயணத்தையே கைவிட்டிருப்பான்.

அந்தப் பாட்டில் இரண்டு உணவுக் காட்சிகள் எதிரெதிரே நிற்கின்றன. ஒன்று பாணன் குடிசை. சுவர் சரிந்த அடுக்களை. ஈன்ற நாயின் குரைப்பு. பசியால் இளைத்த மனைவி, குப்பையில் முளைத்த வேளைக்கீரையைக் கிள்ளி வந்து உப்பின்றி வேகவைக்கிறாள். புறம்பேசுவோர் கண்ணில் படுவதற்கு நாணிக் கதவை அடைத்துவிட்டுச் சுற்றத்தோடு அமர்ந்து உண்கிறாள். உப்பில்லாமை அங்கே வறுமையின் அடையாளம். நாணம் அந்த வறுமை தந்த காயம்.

மற்றொன்று நல்லியக்கோடன் அரண்மனை. அங்கே சமைப்பது நூல்வழி. வீமன் இயற்றிய மடைநூல் என்று உரைகாரர்கள் சொல்லும் ஒரு சமையல் நூலின் முறை பிறழாமல் ஆக்கிய உணவு. எழுதிய விதி, அதை வழுவாத சமையற்கட்டு, பலவகை அடிசில். இந்த அளவில் அதற்கும் தொடர் உணவகத்துக்கும் பெரிய வேறுபாடில்லை என்றுகூடச் சொல்லலாம். ஆனால் புலவர் அத்துடன் நிறுத்தவில்லை. விருந்தினர் விரும்புவது எது என்று கேட்டுப் போற்றி, அரசன் தானே அருகில் நின்று உண்ணச் செய்கிறான் என்கிறார். ஏவலர் ஆயிரம் பேர் இருக்கும் இடத்தில் அரசன் நிற்க வேண்டிய தேவை என்ன? உப்புச் சரியாக இருக்கிறதா என்று கேட்க ஒருவர் வேண்டும். இல்லையென்றால் அதற்கு ஆவன செய்யக்கூடியவராகவும் அவர் இருக்க வேண்டும். நம் கல்யாண வீடுகளில் இதற்குப் பந்தி விசாரித்தல் என்று பெயர். சமையல்காரர் கூலிக்கு வந்தவராயினும், முறை புத்தகத்திலிருந்து எடுத்ததாயினும், பந்தி விசாரிப்பவர் ஒருவர் நடந்து வந்துவிட்டால் அது விருந்தாகிவிடுகிறது.

2025 டிசம்பரில் டெல்லியில் கூடிய யுனெஸ்கோ குழு, இத்தாலியச் சமையலை மனித குலத்தின் புலப்படா மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. நம் தீபாவளி சேர்ந்ததும் அதே கூட்டத்தில்தான். மரபென்று அங்கே கொள்ளப்பட்டது எந்த ஒரு பண்டமும் அன்று. பொருளை மதித்துச் சமைப்பதும், ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து பகிர்வதும், அந்தக் கைப்பழக்கம் தலைமுறைகளுக்குக் கைமாறி வருவதும். இத்தாலியர் தம் சமையலில் எதைப் பெருமையாகக் கருதுகிறார்களோ, அதுதான் அவர்கள் படத்தை மாட்டிய அந்தச் சுவருக்குள் இல்லாமல் போனது.

*

கட்டணச் சீட்டு வந்தபோது அதில் பத்து விழுக்காடு சேவைக் கட்டணம் சேர்ந்திருந்தது. அதைக் கட்டாயமாக்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 சூலையில் நெறிமுறை வெளியிட்டது. டெல்லி உயர்நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. எங்களில் ஒருவருக்கு இது தெரியும். ஆனால் அழைத்தவர் முன்னிலையில் விருந்தினர் கணக்குப் பேசுவது எப்படி? நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

மாணவருக்கும் அது தெரிந்திருந்தது. சீட்டைப் படித்தார், அந்த வரியைச் சுட்டி, எடுத்துவிடச் சொன்னார். குரலில் கடுமையில்லை. மேலாளர் வந்தார், மறுபேச்சின்றி நீக்கினார். மாணவர் எஞ்சிய தொகையைச் செலுத்திவிட்டு, நீக்கிய பணத்தை அப்படியே எடுத்துப் பரிமாறிய இளைஞரின் கையில் வைத்தார். "அது யாருக்குப் போவுதுன்னு எனக்குத் தெரியாது. இது ஒங் கைக்கு" என்றார். இளைஞர் ஐந்து நட்சத்திரம் கேட்டு நீட்ட வேண்டிய கருவியை நீட்டாமல் திரும்பப் போனார்.

வெளியே வந்ததும் மாணவர், "மன்னிச்சிருங்கய்யா, நல்லா இல்ல" என்றார். எங்கள் மூத்தவர் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, "சாப்பாட்டக் கடைக்காரன் கெடுத்தான். விருந்த நீ கெடுக்கலயே" என்றார். அதற்கு மேல் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

எங்கள் மனத்தில் நின்றுவிட்ட உறுத்தல் அந்த மன்னிப்புத்தான். சமைத்த நிறுவனம் கேட்க வேண்டிய மன்னிப்பு; மாதச் சம்பளத்தில் ஒரு பகுதியைச் செலவழித்த இளைஞர் கேட்டார். இவ்வகைக் கடைகளில் நடப்பது பெரும்பாலும் இதுதான். மையச் சமையற்கூடத்தில் உப்புக் குறைந்தால் அதற்கான நாணம் அங்கே தங்குவதில்லை. அது பொட்டலத்தோடு வண்டியேறி, கிளைக்கு வந்து, பரிமாறும் பையனைக் கடந்து, கடைசியில் அன்போடு அழைத்து வந்தவர் முகத்தில் போய் இறங்குகிறது. பாணன் மனைவிக்கு அடைத்துக்கொள்ள ஒரு கதவாவது இருந்தது. எங்கள் மாணவரைச் சுற்றி இருந்தது கண்ணாடி.

தொடர் உணவகங்களை ஒழித்துவிட வேண்டும் என்பது எங்கள் கட்சியன்று. நம் ஊர்ச் சிற்றுண்டித் தொடர்களிலும் மையக் கூடத்தில் ஆக்கிய சாம்பார் வண்டியில்தான் கிளைக்கு வருகிறது. நாமும் குறையொன்றும் சொல்லாமல் அதில் இட்டிலியைத் தோய்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். நாங்கள் கேட்பது சிறிய காரியம். ஒவ்வொரு கிளையிலும் ஒருவருக்கு, ஒரே ஒருவருக்காவது, கரண்டியில் எடுத்து நாவில் வைத்துப் பார்க்கவும், போதாதென்றால் ஒரு கை உப்பிடவும் உரிமை இருக்கட்டும். அவர் எந்த ஊராராகவும் எந்தத் தெருவினராகவும் இருக்கட்டும். அந்த உப்புக்கு அவர் பொறுப்பேற்கட்டும். அந்தப் பொறுப்பு இருக்கும் வரை, அவரை அழைத்து, "கொஞ்சம் உப்பு தூக்கலாப் போட்டுட்டீங்களே" என்று ஒருநாள் குறைகூடச் சொல்லலாம். குறை சொல்ல எதிரே ஓர் ஆள் இருப்பதும் உணவின் சுவைகளில் ஒன்றுதான்.